நெடுந்தூர மலையோட்டமும் "எல்லாம் மனசுதான்" என்கிற கதையும்

கொழும்பில் ஓடுகிறவர்களின் எந்த வட்ஸ்அப் குழுவில் இருந்தாலும் சரி, கொஞ்ச நாளைக்கு ஒருக்கா ஒரு படம் வந்து விழும். மலை உச்சியில் ஒருவர் கைகளை விரித்துக்கொண்டு நிற்பார். கீழே "நெடுந்தூர ஓட்டம் 10 வீதம் உடம்பு, 90 வீதம் மனசு" என்று எழுதியிருக்கும். உடனே கைதட்டலும் நெருப்புப் படமும் வரிசையாக வரும். எனக்கு இந்த வசனத்தின் மேல் கனநாள் கோபம். இன்றைக்கு எழுதித் தீர்த்துவிடலாம் என்று இருக்கிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனசே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. மனசு மனசு என்று நாங்கள் பேசுவதில் பாதி வயிற்று விஷயம், மிச்சத்தில் பெரும்பங்கு நித்திரையும் உப்பும் என்றுதான் சொல்கிறேன்.

ஹப்புத்தளைக்கு மேலே தேயிலைத் தோட்டப் பாதை ஒன்றில் எங்களோடு ஓடிவந்த தம்பி ஒருவர் 30 கிலோமீற்றர் தாண்டியதும் மதகில் உட்கார்ந்துவிட்டார். கால் நோவில்லை, காயமில்லை. "அக்கா, இது எனக்குத் தேவையில்லாத வேலை. இனி ஓட மாட்டன்" என்றார். கொஞ்ச நேரத்தில் கதை நீண்டு, கம்பனி வேலையையும் விடப்போவதாகச் சொன்னார். பக்கத்து லயத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து, "என்னா தம்பி, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலியா? மொதல்ல இத குடிங்க" என்று சீனி அள்ளிப் போட்ட வெறும் தேத்தண்ணியை நீட்டினார். அதோடு என்னிடம் இருந்த 2 கதலி வாழைப்பழம். கால் மணித்தியாலம் போயிருக்காது, "அடுத்த ஏற்றம் எவ்வளவு தூரம் அக்கா?" என்று கேட்கிறார். ராஜினாமாக் கதை அதற்குப் பிறகு வரவேயில்லை.

அங்கே உடைந்துபோனது மனசென்று யாரும் சொல்லியிருப்பார்கள். உண்மையில் தீர்ந்துபோனது சீனி. தசையிலும் ஈரலிலும் நாங்கள் சேமித்து வைத்திருக்கிற மாச்சத்து ஓரளவு வேகமாக ஓடினால் 2 மணித்தியாலம் போல்தான் தாங்கும். அதற்குப் பிறகு வெளியில் இருந்து போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மூளையும் அதே குளுக்கோசில்தான் ஓடுகிறது. அது குறைய ஆரம்பித்தால் முதலில் போவது நம்பிக்கை, அப்புறம்தான் கால். 2004இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு ஆய்வு செய்தார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மாச்சத்துக் கரைசலைக் கொடுத்து, விழுங்காமல் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் அளவான ஓட்டத்தில் அதற்கே ஏறத்தாழ 3 வீதம் முன்னேற்றம் வந்தது. வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. சாப்பாடு வருகிறது என்ற செய்தியை நாக்கு மூளைக்குச் சொன்னதே போதுமாக இருந்தது. இதில் எது உடம்பு, எது மனசு என்று கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2009இல் மார்கோரா என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், 90 நிமிடம் கணினிக்கு முன் மூளையைக் களைக்க வைக்கிற வேலை செய்தவர்கள் அதன் பிறகு சைக்கிளில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கைவிட்டார்கள். இதயமும் தசையும் வழக்கம்போலத்தான் இருந்தன. செய்கிற வேலை மட்டும் பாரமாகத் தெரிந்தது. நாள் முழுக்கக் கூட்டம், மின்னஞ்சல், அதற்குமேல் காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் என்று வீட்டுக்கு வந்து, மரைன் டிரைவில் 5 கிலோமீற்றரே இழுபடுகிறதென்றால் உங்களுக்கு மனத்திடம் இல்லை என்று அர்த்தமில்லை. அன்றைக்கு மெதுவாக ஓடிவிட்டுப் போய்ப் படுங்கள்.

சரி, இனிக் கால். கொழும்பில் மலை இல்லை. காலிமுகத்திடல், சுதந்திரச் சதுக்கம், பெல்லன்வில எல்லாமே தட்டை. அதனால் எங்களில் பலர் அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறிப் பழகுகிறோம். நல்ல விஷயம்தான். ஏறி முடித்ததும் லிஃப்டில் இறங்குகிறார்களே, அங்கேதான் பிழை. மலையில் காலை முறிக்கிறது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடிக்கவேண்டும். அப்போதுதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. சிவனொளிபாதமலைக்குப் போய் வந்த எவரையும் கேளுங்கள். ஏறினதற்கு மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கி நல்லதண்ணிக்கு வந்து பஸ் படியில் கால் வைக்கிறபோது தொடை தையல் மெசின் மாதிரி ஆடும். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் கதிரையில் உட்காரச் சுவரைப் பிடிக்கவேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒருதரம் நன்றாக இறங்கிப் பழகினால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அந்தளவு சேதம் செய்யாது. ஆகவே படியில் இறங்குங்கள். எங்கள் மாடியின் காவலாளி ஐயா முதலில் "லிஃப்ட் வேலை செய்யுதுதானே மிஸ்?" என்று கவலையோடு கேட்டார். இப்போது பழகிவிட்டார். அம்மா இன்னும் பழகவில்லை. விடிய 4 மணிக்குச் சப்பாத்துக் கட்டும்போது "ஆரும் துரத்துறாங்களே பிள்ளை?" என்று பாயில் இருந்தபடியே ஒரு கேள்வி வரும்.

கொழும்பு எங்களுக்குப் பழக்கித் தருகிற ஒன்று வெக்கை. இங்கே ஈரப்பதன் கூட என்பதால் வியர்வை காயாமல் சொட்டுகிறது. வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? இந்தப் புழுக்கத்தில் ஒன்றிரண்டு வாரம் ஓடினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்க ஆரம்பிக்கும், உடம்பு சமாளிக்கப் பழகும். ஆனால் இதே உடம்போடு மலையகம் போகிறவர்கள் குளிரை மறந்துவிடுகிறார்கள். ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கும் மேலே. அங்கே காற்றோடு மழை பிடித்து, நனைந்த பெனியனோடு நின்றால் கை விறைத்து, சாப்பாட்டுப் பையின் சிப்பைக்கூட இழுக்க முடியாது. இழுக்க முடியாவிட்டால் சாப்பிட முடியாது. சாப்பிடாவிட்டால் மேலே சொன்ன மதகுதான்.

என் உண்மையான கோபம் இனித்தான் வருகிறது. "வலியைத் தாண்டு" என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள், தாண்டுவதற்கு ஓட்டத்துக்கு முன்னாலேயே ஐபுபுரோஃபென் என்கிற வலி மாத்திரையைப் போடச் சொல்வதை நான் காதால் கேட்டிருக்கிறேன். வியர்த்து வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும். அதே நேரத்தில் சிதைந்த தசையின் கழிவும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. சிறுநீர் கடும் தேத்தண்ணி நிறத்தில் போனால் அது வீரத்தின் அடையாளமில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அறிகுறி. அதே ஆட்கள்தான் "தண்ணி குடி, குடி" என்று வாய்க்குள் ஊற்றுகிறவர்களும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புச் செறிவு இறங்கிவிடும். விரல் வீங்கி மோதிரம் இறுகும், குமட்டும், பேச்சுத் தடுமாறும். முற்றினால் வலிப்பு வரை போகும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புள்ள ஏதாவது சாப்பிடுங்கள். என் பையில் உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் பயற்றம் உருண்டையும் எப்போதும் இருக்கும். ஓடும்போது உறிஞ்சுகிற, காசு கொடுத்து வாங்குகிற சீனி ஜெல்லும் இருக்கும்தான், ஆனால் ஐந்தாறு மணித்தியாலத்துக்குப் பிறகு அந்த இனிப்பை நினைத்தாலே ஓங்காளிக்கும்.

மனத்திடத்துக்கு எல்லோரும் உதாரணம் காட்டுகிறவர் அமெரிக்காவின் நெடுந்தூர ஓட்டக்காரி கோர்ட்னி டோவால்டர். 2023இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், பிரான்சின் யூடிஎம்பி என்று 3 பெரிய ஓட்டங்களையும் ஒரே கோடையில் பெண்கள் பிரிவில் வென்றவர். யூடிஎம்பி மட்டுமே 170 கிலோமீற்றர் போல, 10,000 மீற்றர் அளவு ஏற்றம். வலி உச்சத்துக்குப் போகும்போது மனசுக்குள் நுழைகிற இடத்தை அவர் "வலிக் குகை" என்பார்; அதைப் பற்றிப் பேசியதை எல்லோரும் பகிர்கிறார்கள். அதே டோவால்டர் 2019 வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது இடுப்புக் காயத்தால் விலகிக்கொண்டதை யாரும் பகிர்வதில்லை. அன்றைக்கு அவருக்கு மனத்திடம் இல்லாமல் போய்விட்டதா? நிற்கிற முடிவையும் மனசுதானே எடுத்தது.

பார்க்கப்போனால் இந்த விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். வாரக்கணக்காக நடை, கடைசியில் உகந்தை தாண்டிக் காடு. அதில் அறுபது வயது தாண்டிய அம்மாமார் எத்தனை பேர்! விடியக் கிளம்புவார்கள், வெயில் ஏறினால் மரநிழலில் சாய்வார்கள், அன்னதானம் கிடைக்கிற இடத்திலெல்லாம் சாப்பிடுவார்கள், கொப்புளத்துக்கு மருந்து போடுவார்கள், ஒருவருக்கு ஏலாவிட்டால் கூட்டமே மெதுவாகும். மனத்திடம் பற்றி ஒரு சொற்பொழிவும் கிடையாது. ஏற்றம் வந்தால் ஒரு அரோகரா, அவ்வளவுதான்.

இப்போது பீக்கோ ட்ரெயில் வந்த பிறகு கொழும்பில் இருந்து ஓடப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை, 22 பகுதிகளாக. பெரும்பாலும் தோட்டத்து மக்கள் கொழுந்துச் சாக்கோடு தினமும் நடந்து பழகிய வழிகள்தான். ஆகவே குறுக்கே யாராவது பாரத்தோடு வந்தால், கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் 10 மாடிக்கு மேல் உள்ள கட்டடத்தில் யாராவது இருந்து, உங்கள் நிர்வாகக் குழு சம்மதித்தால், ஞாயிறு விடியக் காலையில் ஏழெட்டுப் பேர் சத்தமில்லாமல் படி இறங்கிப் பழக இடம் வேண்டும். உள்பெட்டிக்கு வாருங்கள். பயற்றம் உருண்டை நான் கொண்டுவருகிறேன்.