ஒரே ரா கோப்பிலிருந்து மூன்று பிரதி எடுத்தால் அது எச்டிஆர் ஆகாது
"ஒரே ரா கோப்பை வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று பிரதியாக்கிச் சேர்த்தால் எச்டிஆர் வந்துவிடும், பிராக்கெட்டிங் வீண் வேலை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (ரா என்பது சென்சாரின் பதிவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு; எச்டிஆர் என்பது மிக வெளிச்சமான இடம், மிக இருண்ட இடம் இரண்டின் விவரமும் தெரியும் படம்; பிராக்கெட்டிங் என்பது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல முறை எடுப்பது.) வெளிச்சம் சீரான இடத்தில் சமாளிக்கலாம், சரி. பிரான்சின் ஷார்த்ர் பேராலயம் மாதிரி இடத்தில் கைகொடுக்காது.

அந்த ஆலயத்தின் உயிரே 12, 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி ஓவியங்கள்தான். தூண்களின் நிழலுக்கு எக்ஸ்போஷர் (சென்சாரில் விழும் ஒளியின் அளவு) வைத்தால் புகழ்பெற்ற அந்த நீலம் வெளிறிப்போகும்; துண்டுகளைப் பிரிக்கும் ஈயக் கோடுகளையும் ஒளி தின்றுவிடும். சென்சார் நிரம்பி வழிந்த இடத்தில் பதிவே இல்லை. பிறகு எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு அல்லது பாதி) குறைத்தாலும் வெறும் சாம்பல்தான் வரும். கண்ணாடிக்கு வைத்தாலோ, நிழலைத் தூக்கும்போது கல் முழுக்க நாய்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியான இரைச்சல்.

முக்காலியில் வைத்து 2 ஸ்டாப் இடைவெளியில் 5 படம் எடுங்கள் (முக்காலிக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்). முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் 8 ஸ்டாப், அதாவது 256 மடங்கு வித்தியாசம் கிடைக்கும். ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளையை) தொட்டால் ஃபோகஸ் ஆழம் மாறிவிடும்.

அப்புறம், "முக்காலியைத் திருப்பினால் பனோரமா தானாக ஒட்டிக்கொள்ளும்" என்பதும் பாதி உண்மைதான். (பனோரமா என்பது பக்கம் பக்கமாக எடுத்த படங்களை ஒட்டிய அகலப் படம்.) கேமரா சுழலும் புள்ளி தவறினால், அருகில் தூண் இருக்கும்போது ஒட்டு உடைந்து தெரியும். கேமராவை முக்காலியின் மேல் பொருத்திய ரெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளி, இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். அருகிலுள்ள தூணின் விளிம்பும் தூரத்து ஜன்னல் சட்டமும் ஒன்றைவிட்டு ஒன்று நகராத இடம்தான் சரியான சுழல்புள்ளி.