பொத்தானின் அகலத்தை ஆங்கிலம் மட்டும் முடிவு செய்யலாமா?

கைப்பேசிச் செயலிகளின் கீழ்ப்பட்டையில் பாதிச் சொல்லும் மூன்று புள்ளிகளுமாக நிற்கும் பொத்தான்கள் மொழிபெயர்ப்பாளரின் குறை அல்ல என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். திரையின் அளவுகள் எல்லாம் ஆங்கிலச் சொற்களை வைத்து இறுதி செய்யப்பட்ட பிறகே பெரும்பாலும் உரை அவர் கைக்கு வருகிறது. அதன் பின் "இன்னும் சுருக்க முடியாதா?" என்று அவரைக் கேட்பது நியாயமாகாது.

உரை நீளும் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு எடுத்துக்காட்டும் ஐபிஎம் அட்டவணையின்படி, 70 எழுத்துகளைத் தாண்டிய ஆங்கில உரை பிற ஐரோப்பிய மொழிகளில் சராசரியாக 130 விழுக்காடு இடம் கேட்கும்போது, 10 எழுத்துகளுக்கு உட்பட்ட உரையோ 200 முதல் 300 விழுக்காடு வரை கேட்கிறது. பொத்தான்களில் இருப்பவை பெரும்பாலும் அத்தகைய குறுஞ்சொற்களே. மிக அதிகமாக நீளக்கூடிய உரைக்குத்தான் மிகக் குறைந்த இடத்தை ஒதுக்குகிறோம்.

சொல்லை வெட்டுவதை நான் அறவே ஏற்கவில்லை. 'பதிவிறக்கங்கள்', 'பதிவேற்றங்கள்' என்ற இரண்டும் 'பதிவி…', 'பதிவே…' என்று அருகருகே நின்றால், எதைத் தொடுவது என்று பயனர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. வழிகாட்ட வேண்டிய பொத்தானே அவரைத் தடுமாற வைக்கிறது. எழுத்தைச் சிறிதாக்குவதும் தீர்வாகாது. பார்வைக் குறைபாட்டால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவருக்கு அது நேரடியான அநீதி. சொல்லை நீக்கிவிட்டு ஐகானை மட்டும் வைப்பவர்களும் உண்டு. வீடு, தேடல் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருளைத் தரும்.

செய்ய வேண்டியது அகலத்தையும் உயரத்தையும் நிலையான எண்ணாகப் பூட்டாமல் குறைந்தபட்ச அளவாக மட்டும் வைப்பது. ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 டிபி, ஆப்பிள் பரிந்துரைக்கும் 44 பாயின்ட் (இரண்டும் திரையளவு அலகுகள்) ஆகியவை தொடுபரப்பின் கீழ் எல்லைகள்; பொத்தான் அவற்றைத் தாண்டி வளர்வதில் எந்தத் தவறும் இல்லை. பெயர் இரண்டு வரிகளாக மடியட்டும். வரி உயரத்தையும் தாராளமாக விட வேண்டும், இல்லையென்றால் தமிழில் 'கீ'யின் மேற்சுழியும் 'மூ'வின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்படும். பக்கத்தில் பக்கமாக இடம் போதாத இரு பொத்தான்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொள்ளலாம். கீழ்ப்பட்டைக்கு 3 முதல் 5 பொத்தான்கள் என்பது கூகுளின் வடிவமைப்பு நெறியான மெட்டீரியல் டிசைனின் வழிகாட்டுதல். என் கருத்தில், பல மொழிகளில் வெளியாகும் செயலிக்கு மூன்றோ நான்கோ போதும். மீதியைத் திரையின் முழு அகலமும் கிடைக்கும் செங்குத்துப் பட்டியலுக்குக் கொண்டுபோகலாம்.

இவற்றைச் சோதிக்க மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் ஆங்கில உரையைச் செயற்கையாக நீட்டிக் காட்டும் போலி மொழி அமைப்பு இருக்கிறது. ஆப்பிள் செயலிகளை உருவாக்கும் மென்பொருளான எக்ஸ்கோடிலும் உரையை இரட்டிப்பாக்கிப் பார்க்கலாம். முதல் வரைவுத் திரையிலேயே, எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்து இதைச் செய்துவிட்டு, அதன் பிறகே மொழிபெயர்ப்பாளருக்குச் சொற்பட்டியலைத் திரைப்பிடிப்புகளுடன் (ஸ்கிரீன்ஷாட்) சேர்த்து அனுப்புங்கள்.