இதைவிட வேற என்ன வேலை?

அந்த வீடியோவை நான் இங்கே மறுபடி போடப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று, எனக்கே ஏழு குரூப்பில் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை எட்டாவது தடவையாக ஊருக்குக் காட்ட மனசு வரவில்லை. அத்தனை தலைமை ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் ஒருத்தியை மட்டும் எழுப்பி நிற்க வைத்து, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றுகிற அரசு இணையதளம்) பதிவு ஏன் இன்னும் முடியவில்லை என்று அதிகாரிகள் மைக்கில் கேட்டு, அவள் "சர்வர் சார்" என்று ஆரம்பித்ததுமே, "ஒரு ஹெச்.எம்.முக்கு இதைவிட வேற என்ன வேலை?" என்றார்களே, மூன்று நாளாக அது என் காதிலேயே இருக்கிறது. அதைவிட, அதற்கு அறை முழுக்க எழுந்த சிரிப்பு. சிரித்தவர்களும் தலைமை ஆசிரியர்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் 2024 மே மாதம் ஓய்வு பெற்றவள். எனக்கு இனி மெமோ வராது, 17பி என்கிற ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வராது. (பென்ஷனில் கை வைத்துவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார், அவர் எதற்குத்தான் பயப்படவில்லை.) பணியில் இருக்கிறவர்கள் யாரும் இதற்கு லைக் போட வேண்டாம். படித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், எனக்குப் புரியும்.

அந்தக் கூட்டம் நடந்த கட்டடத்தின் பெயர்ப்பலகையை வீடியோவில் கவனித்தீர்களா? வட்டார வள மையம். வள மையமாம்! 2001-க்குப் பிறகு சர்வ சிக்ஷா அபியான் என்கிற அனைவருக்கும் கல்வித் திட்டம் வந்து, வட்டாரத்துக்கு ஒரு வள மையம், அதற்குக் கீழே குறுவள மையங்கள், அவற்றில் ஆசிரியர் பயிற்றுநர்கள் என்று ஏற்பாடு செய்தார்களே, எதற்காகச் செய்தார்கள்? ஆசிரியர் வகுப்பில் திணறும்போது பக்கத்தில் வந்து நிற்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக. எங்கேயோ டெல்லியிலும் சென்னைக் கல்லூரிச் சாலைக் கல்வித்துறை அலுவலகத்திலும் எழுதுகிற திட்டம், ஐந்து வகுப்புக்கு ரெண்டு டீச்சர் இருக்கிற பள்ளிக்கு வந்து சேரும்போது அதைக் கையில் பிடித்துச் சொல்லித்தர ஒருவர் வேண்டும் என்பதற்காக. 2018-ல் எல்லாத் திட்டத்தையும் சேர்த்து சமக்ர சிக்ஷா என்று பெயர் மாற்றினார்கள், பலகை மாறியது, சரி. ஆனால் உதவிக்கு வருகிறவர் வேறு, கணக்குக் கேட்க வருகிறவர் வேறு. அந்த வித்தியாசம் எங்கே, எப்போது தொலைந்தது என்றுதான் நான் கேட்கிறேன்.

உதவி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாங்கியிருக்கிறேன். 2007-ல் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளை வைத்துப் படிப்படியாகத் தாங்களே கற்கிற முறை) வந்தபோது நான் பதினாறு வருடம் சர்வீஸ் போட்டவள். 2003-லேயே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவிட்டார்கள், ஆந்திராவில் ரிஷி வேலி பள்ளிக்கு ஆசிரியர்களை அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொல்லி, அப்புறம் இங்கே செய்து பார்த்துத்தான் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். எங்கள் பள்ளிக்கு அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. ஏணிப் படம் ஒன்று சுவரில். நாற்காலி கிடையாது, பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையை வைத்துக்கொண்டு நடுவில் நான், பார்க்கிறவர்களுக்கு சீட்டாட்ட கிளப் மாதிரி இருந்திருக்கும். ரெண்டு நாள் வீட்டுக்கு வந்து அழுதேன். வி.ஆர்.எஸ். வயது கூட இல்லை அப்போது.

மூன்றாம் நாள் ஒரு பயிற்றுநர் வந்தார். நோட்டை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். "டீச்சர், நீங்க பாருங்க, நான் எடுக்கிறேன்" என்று கழித்தல் அட்டையை எடுத்தவர், கடன் வாங்குகிற இடத்தில் அவரே தப்புப் பண்ணிவிட்டார். ஒரு வாலுப்பையன் விழுந்து விழுந்து சிரித்தான், அவரும் சிரித்தார். அந்த ஒரு சிரிப்பில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அந்த மாதத்தில் நான்கு தடவை வந்தார். மாதக் கடைசியில் வகுப்பை நான் எடுத்தேன், அவர் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தார். செயல்வழிக் கற்றல் நல்லதா கெட்டதா என்று இங்கே சண்டைக்கு வராதீர்கள், நான் சொல்வது அது இல்லை. ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார் என்பதைச் சொல்கிறேன்.

கடைசி வருடங்களில் அதே பதவியில் வேறு ஒருவர் வந்தார். சின்ன வயசு, டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி வந்தவர். போனை எடுத்தார், வகுப்பைப் படம் பிடித்தார், செயலியில் பதிவேற்றப் பார்த்தார். சிக்னல் இல்லை. வாசலுக்குப் போனார், வேப்ப மரத்தடிக்குப் போனார், கடைசியில் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி நின்று ஏற்றினார். நாற்பது நிமிடம். கற்றல் நிலைப்படி (அரும்புதான் முதல் படி) அரும்பு எத்தனை, மொட்டு எத்தனை, மலர் எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டார், அரும்பில் இருக்கிற பிள்ளை ஏன் ரெண்டு பருவமாக அரும்பிலேயே இருக்கிறது என்று கேட்க அவருக்கு நேரமில்லை. போகும்போது சொன்னார், "நான் கணக்கு எம்.எஸ்சி. டீச்சர். கணக்கு சொல்லிக்கொடுத்து ஆறு வருஷம் ஆச்சு." அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவருக்கும் மேலே ஒரு குரூப், அந்த குரூப்பிலும் வேலையை முடிக்காதவர்கள் பெயரோடு ஒரு சிவப்பு நிறப் பட்டியல்.

வேற என்ன வேலை என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன். என் பள்ளி மாதவரத்துக்கு அந்தப் பக்கம், எது என்று சொல்ல மாட்டேன். 58 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 150-க்கு மேல் போனால்தான் தனியாகத் தலைமை ஆசிரியர். அதாவது நான் ஹெச்.எம். என்பது கையெழுத்துக்கு. மற்றபடி நான் வகுப்பாசிரியர். இன்னொரு டீச்சர் அடிப்படை எழுத்துக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சிக்குப் போய்விட்டால் (பயிற்சி நல்ல பயிற்சிதான், 2022-ல் எங்கள் பக்கத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார், எங்களுக்கெல்லாம் பெருமை) ஐந்து வகுப்பும் நானே. காலை உணவை ருசி பார்த்துக் கையெழுத்து. முட்டை எண்ணிக்கை. மோட்டார் ஓடவில்லை. ஒரு அம்மா போனஃபைடு சான்றிதழ் கேட்டு நிற்கிறார், பின்னாலேயே ஒரு பாட்டி, பேத்திக்கு ஆதார் கைரேகை விழவில்லை என்று. நடுவில் குரூப்பில் "மிக மிக அவசரம், 11 மணிக்குள்" என்று ஒரு செய்தி. என்ன அவசரம்? பள்ளியில் எத்தனை குழாய் இருக்கிறது. ஒரே வருடத்தில் மூன்று தடவை, மூன்று வேறு படிவத்தில் அந்தக் குழாயை நான் எண்ணியிருக்கிறேன். நான்கு குழாய். மூன்று தடவையும் நான்குதான்.

அந்த மோட்டாரை யாரிடம் சொல்வது? 2011-ல் சென்னையை விரித்தபோது எங்கள் ஊர் மாநகராட்சிக்குள் வந்தது, பள்ளி அதோடு வரவில்லை, பல வருடம் பள்ளிக்கல்வித் துறையிடமே நின்றது. 2018-ல் மாவட்டமும் திருவள்ளூரிலிருந்து சென்னை ஆனது. வாசலுக்கு வெளியே ஓடுகிற சாக்கடை மாநகராட்சி, வாசலுக்கு உள்ளே அடைத்துக்கொண்ட கழிவறை வேறு துறை. ரெண்டு பக்கமும் "அது அவங்க மேடம்" என்பார்கள். கடைசியில் பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் என் பழைய மாணவன், அவன்தான் என் வள மையம்.

பணம் தருகிறார்களே என்பீர்கள். தருகிறார்கள். 31 முதல் 100 பிள்ளைகள் வரை இருக்கிற பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருடத்துக்கு 25,000 ரூபாய், அதில் பத்து சதவீதம் சுகாதாரத்துக்கு. சாக்பீஸ், பதிவேடு, துடைப்பம், பல்பு, பூட்டு, பினாயில், எல்லாம் அதில்தான். மாதத்துக்கு ரெண்டாயிரம் சொச்சம். உங்கள் வீட்டு கேபிள், நெட், பால் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

"மேடம், டேட்டா இல்லாம எப்படித் திட்டம் போடுவாங்க?" இதை நியாயமாகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், என் மருமகனே கேட்பான். உண்மைதான். பாதியில் நின்ற பிள்ளையை எமிஸில் தேடிக் கண்டுபிடித்து, பெரம்பூரிலிருந்து செங்குன்றம் போன குடும்பத்தைப் பிடித்து மறுபடி சேர்த்தது நானே. அது இல்லாத காலத்தில் அந்தப் பிள்ளை போனது போனதுதான். கைக்கணினி கொடுத்திருக்கிறார்கள், நான் ஓய்வு பெற்ற பிறகு, அதனால் என்ன, கொடுத்தார்களே. டேட்டா வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதே 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர கல்வி சாராத வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. இது பள்ளி வேலைதானே என்று நீங்கள் சட்டம் பேசினால் நான் தோற்றுவிடுவேன். சரி, தோற்கிறேன். ஆனால் அந்தப் பதிவை உட்கார்ந்து போட ஒரு ஆளை வள மையத்திலிருந்து மாதம் ரெண்டு நாள் அனுப்பினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

"லட்ச ரூபா சம்பளம் வாங்குறீங்கல்ல." இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 33 வருடம் சொல்லியாயிற்று.

"உங்க பிள்ளை எங்க படிச்சான்?" சரி, இதற்குச் சொல்கிறேன். மெட்ரிக் பள்ளியில். காரணம் சொல்லலாம், வீட்டுக்காரர் வேலை, வீடு, தூரம். சொன்னாலும் நீங்கள் நம்பப்போவதில்லை, எனக்கே பாதிதான் நம்பிக்கை. என் பள்ளியில் இருந்த 58 பேரும் நான் இன்னொருத்தர் பிள்ளைக்கு என்ன செய்தேன் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். வேலையே செய்யாத ஆசிரியர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஆனால் அந்த வீடியோவில் நின்றவள் அவர்களில் ஒருத்தி இல்லை. வேலை செய்யாதவர்கள் எமிஸை முதல் ஆளாக முடித்துவிடுவார்கள். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வள மையம் என்றாலே எனக்கு ஒரு ஸ்கூட்டி ஞாபகம் வரும். சிறப்புப் பயிற்றுநர் ஒரு பெண், பள்ளி பள்ளியாகப் போவாள். எங்கள் பள்ளியில் மூளை முடக்குவாதத்தோடு ஒரு குழந்தை, பேர் வேண்டாம், முதல் வருடம் முழுக்கத் தாய் இடுப்பிலேயே வந்து இடுப்பிலேயே போனாள். அவளுக்குப் பென்சில் பிடிக்க, பென்சிலைச் சுற்றி ரப்பர் குழாயைச் செருகிக் கொடுத்தவள் இந்தப் பெண்தான். "அம்மா" என்ற சொல்லை அந்தக் குழந்தை எழுத ஒரு பருவம் ஆனது, "ம்" மேல் புள்ளி வைக்க மட்டும் ஒரு வாரம். இந்தப் பெண்ணுக்குத் தொகுப்பூதியம். சமக்ர சிக்ஷாவில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. புதிய கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்தது, அந்தச் செப்டம்பரில் திட்ட ஊழியர்களின் சம்பளம் தள்ளிப்போனது. அந்தக் கொள்கை சொல்லும் மும்மொழியா, நம் இருமொழியா என்று டிவியில் ஒரு மாதம் கத்தினார்கள். நானும் இருமொழி ஆள்தான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்த வாரம் அவள் எனக்குப் போன் பண்ணி, "டீச்சர், ஒரு ரெண்டாயிரம் இருக்குமா, பெட்ரோலுக்கு" என்று கேட்டாளே, அவளை எந்த விவாதத்திலும் யாரும் கூப்பிடவில்லை.

எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், ராத்திரி தூக்கம் வரவில்லை.

வீடியோவில் இருக்கிற பெண்ணே, நீ யார் என்று எனக்குத் தெரியாது, நம் வட்டாரத்து ஆள் என்று மட்டும் பேச்சுவழக்கில் தெரிகிறது. யாராவது தெரிந்தவர்கள் இதை அவளிடம் காட்டுங்கள். சர்வர் விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரைக்கும் நன்றாக ஓடும், பகலில் முயற்சியே பண்ணாதே. குழாய் எண்ணிக்கையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள், மறுபடி கேட்பார்கள். திங்கட்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன், கூப்பிட்டால் வந்து உன் பள்ளியில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பதிவு முழுக்கப் போட்டுத் தருகிறேன், நீ வகுப்பைப் பார். ஓடிபி மட்டும் உன் போனுக்குத்தான் வரும், அதற்கு நடுவில் எழுந்து வர வேண்டியிருக்கும்.