பார்சலை விட்டுவிட்டுக் கோப்பைக்கு வாருங்கள்

பாடசாலைச் சாப்பாட்டால் சூழல் கெடுகிறது என்று வெளிநாட்டில் பேசுகிறவர்கள் இறைச்சியைக் குறைக்கச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் அது எடுபடாது. எங்கள் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை அல்லது கொஞ்சம் நெத்தலி. இதில் எதைக் குறைப்பது? மைசூர்ப் பருப்பு கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து கப்பலில் வருகிறது. சில நாளைக்கு வன்னிப் பயறும் கவுபீயும் போடலாம். அவ்வளவுதான்.

வில்லங்கம் பார்சலில் இருக்கிறது. சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பர் 1 முதல் தடை. பொலித்தீனை வெட்டவெளியில் கொளுத்துவதற்கும் அப்போதிருந்தே தடை. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் இரண்டும் நடக்கிறது. இடைவேளை முடிய மதிலோரம் புகை எழும்பும், காற்றுத் திரும்பினால் வகுப்புக்குள்ளேயே வரும்.

கொளுத்துவதற்கு முன் அந்தக் குவியலைப் பாருங்கள். சீற்றில் பாதிச் சோறு அப்படியே ஒட்டிக்கிடக்கும். பொன்னாங்காணி ஓரமாய் ஒதுக்கப்பட்டிருக்கும், முட்டை மட்டும் இருக்காது. தரம் 1 பிள்ளைக்கும் தரம் 5 பிள்ளைக்கும் ஒரே அளவு பார்சல் கட்டினால் வேறென்ன நடக்கும்? கீரையும் காலையில் சூட்டோடு கட்டுப்பட்டு, இடைவேளைக்குள் கறுத்துப்போகும். அதைப் பெரியவர்களே தொடமாட்டோம். விளைவித்து, விறகு எரித்துச் சமைத்ததெல்லாம் வீண். மிச்சம் குப்பை மேட்டுக்குப் போனால் காற்றுப் படாமல் அழுகி, பூமியைச் சூடாக்கும் மீதேன் வாயு வரும். உலகில் மனிதரால் வெளியேறும் இப்படியான பசுங்குடில் வாயுக்களில் 8 முதல் 10 சதவீதம் வீணாகும் உணவோடு சேர்ந்ததுதான் என்று ஐ.நா. சுற்றாடல் திட்டம் சொல்கிறது.

ஆளுக்கொரு சில்வர் கோப்பை வீட்டிலிருந்து வரட்டும். சட்டியிலிருந்து அகப்பையால் போடுங்கள். "காணும்" என்று பிள்ளை சொன்னால் நிறுத்துங்கள், பிறகு கேட்டால் இன்னும் போடுங்கள். பனையோலைத் தட்டுவம் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். விழாவுக்கு வடிவாய் இருக்கும், தினமும் யார் இழைப்பது?

கோப்பை கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது என்பார்கள். ஆறில்லாத ஊரில் நியாயமான கேள்வி. கோப்பையை வழித்துச் சாப்பிட்டால் கொஞ்சத் தண்ணீர் போதும், அதையும் வாழைப் பாத்திக்குத் திருப்பலாம். மாரியில் கழுவுமிடம் சேறாகும், சின்னதாய் ஒரு சீமெந்துத் தளம் வேண்டும். பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டுப் பாருங்கள், வாசலில் வளைவு கட்டுவதற்குக் காசு இருக்கிறதுதானே.