பக்கவாட்டுக் கறுப்புப் பட்டை, வெட்டியதன் அடையாளம் அல்ல

கிருஷ்ணகிரி அண்ணன் பகிர்ந்த 1950-களின் கறுப்பு வெள்ளைப் படத்தின் அகலத்திரைப் பதிப்பைப் பார்த்தேன். கீறல்களை நீக்கிய உழைப்பு பெரியது, அதற்கு நன்றி. ஆனால் "டிவிக்காக இரு பக்கமும் வெட்டியதை ரசிகர்கள் மீட்டுவிட்டார்கள், இதுதான் முழுப் படம்" என்று தர்மபுரி நண்பர்கள் பலரும் பகிர்கிறார்கள். அந்த ஒரு விஷயம் மட்டும் சரியில்லை.

அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களின் சட்டகமே ஏறக்குறைய சதுரம்தான். உயரம் 1 என்றால் அகலம் சுமார் 1.37. பழைய டிவியின் வடிவமும் கிட்டத்தட்ட அதே அளவு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் (மிக அகலமான சட்டகம்) படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதன்பின் வந்த ஸ்கோப் படங்களை டிவிக்காகப் பக்கவாட்டில் வெட்டியது உண்மை. இந்தப் படத்துக்கு அது பொருந்தாது. இன்றைய டிவித் திரை இதைவிட அகலம், அதனால்தான் இரு ஓரமும் கறுப்புப் பட்டை வருகிறது. பட்டையில்லாமல் திரை முழுக்க நிரப்ப வேண்டுமானால் மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் போய்விடும்.

நீங்களே பார்க்கலாம். ஓரத்தில் கறுப்புப் பட்டையுள்ள பிரதியையும் இதையும் ஒரே காட்சியில் நிறுத்துங்கள். நடனக் காட்சி என்றால் நல்லது: பட்டையுள்ள பிரதியில் சலங்கை கட்டிய பாதம் தரையில் பதிவது தெரியும், அகலப் பதிப்பில் கணுக்காலுக்கு மேலேயே படம் முடிந்துவிடும். நடனத்துக்கு எடுத்த காட்சியில் பாதமே இல்லையென்றால் மனசு கேட்கவில்லை. அப்புறம், எதுவும் வெட்டுப்படாமல் திரை நிறைந்தால் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சுவர்க் கடிகாரம் நீள்வட்டமாகத் தெரியும்.

இதே சுத்தம் செய்த பிரதியை, பட்டையோடு அப்படியே ஒருமுறை பதிவேற்றச் சொல்லி அந்த ரசிகர்களிடம் கேளுங்கள் அண்ணா.