குதிரைசக்தி சரி, பிடிமானம் எங்கே?

பிரிட்டனின் சரக்கு ரயில் பற்றிப் பேச்சு வந்தால் போதும், கிளாஸ் 59 என்ற ரக டீசல் இஞ்சின் வந்து அரசின் பிரிட்டிஷ் ரயில்வேயின் மானத்தை வாங்கிய கதையை யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். தனியார் வந்தான், ஜெயித்தான், முடிந்தது. எனக்கு இதில் பாதிதான் சம்மதம்.

சாமர்செட்டில் கல்குவாரி நடத்திய ஃபாஸ்டர் யோமன், அரசு இஞ்சின்கள் அடிக்கடி படுத்துக்கொண்டதில் வெறுத்துப்போய், அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸிடம் சொந்தக் காசில் நாலு கிளாஸ் 59 இஞ்சின் வாங்கியது. 1986 ஜனவரியில் கப்பலில் வந்து இறங்கின. அதே சமயம் பிரிட்டிஷ் ரயில்வேக்காக டான்காஸ்டரில் கட்டிக்கொண்டிருந்த கிளாஸ் 58-க்கும் 3,300 குதிரைசக்தி, இதற்கும் 3,300. எடையிலும் இது கூடுதல் இல்லை. ஆனால் 58-இன் உச்ச இழுவிசை 275 கிலோநியூட்டன், 59-க்கு 500-ஐத் தாண்டும்!

விஷயம் சக்கரத்தில் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான டன் ஜல்லியைக் கிளப்பும்போது சக்தி போதாமல் போவதில்லை, ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றுகிறது. வழுக்கினால் உடனே சக்தியைக் குறைப்பதுதான் பழைய வழக்கம். 59 அப்படிச் செய்யாது. அடியில் இருக்கும் ரேடார் தரையில் உண்மையில் எவ்வளவு வேகம் என்று அளக்க, சக்கரத்தை அதைவிட ஒரு பொடி வேகமாகச் சுற்றவிடுகிறார்கள். கொஞ்சமாக வழுக்கும்போதுதான் பிடி அதிகம் என்பது கேட்க விநோதமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சரி, இது தனியார் மூளையா? இழுத்து இழுத்து அடிபட்ட அமெரிக்க சரக்கு ரயில்களிடம் வருஷக்கணக்கில் கற்றது, அவ்வளவுதான். பிரிட்டன் 58-ஐக் கட்டியதே 50. அதற்கு முந்தைய கிளாஸ் 56-இல் முதல் 30-ஐ ருமேனியாவில் கட்டவைத்து, வந்ததைச் சரிசெய்தே களைத்துப்போனார்கள். அப்புறம் இன்னொன்று, யோமன் இஞ்சின்களை ஓட்டியவர்களே பிரிட்டிஷ் ரயில்வே டிரைவர்கள்தான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1991 மே மாதம் இரண்டு 59-ஐப் பூட்டிப் பன்னிரண்டாயிரம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவான ரயிலை இழுத்துப் பார்த்தார்கள். இஞ்சின் அசரவில்லை, வழியில் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்தான் அறுந்தது.

பிறகு இந்தக் குடும்பத்திலிருந்தே கிளாஸ் 66 வந்தது. 250 இஞ்சின் ஒரே ஆர்டர், கட்டியது லண்டனில். பதறாதீர்கள், கனடாவில் இருக்கும் லண்டன். எங்கு பார்த்தாலும் இதுவே என்று ரசிகர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் அலுப்பு எனக்குப் பெரிதில்லை. கேபினில் இரைச்சலும் சூடும் தாங்கவில்லை என்று டிரைவர்கள் சொன்னார்களே, அந்தப் புகார்தான் நியாயமானது.