நான் பாட்டுக் கேட்டேன், அது என் பிறந்த தேதியைக் கேட்கிறது

காதில் மாட்டுகிற ஒரு சாமானுக்கு என் பிறந்த தேதி எதற்கு? ஜாதகம் பார்த்து, பொருத்தம் சரியாக இருந்தால்தான் பாடுமா?

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய கடையில் மூவாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து ப்ளூடூத் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். ராத்திரி பத்தரை மணிக்கு வீடு அடங்கிய பிறகு, மொட்டை மாடியில் பத்தமடைப் பாயை விரித்து உட்கார்ந்தேன். ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பெட்டிக்குள் இருந்த துண்டுச் சீட்டு, முதலில் எங்கள் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்றது. இறக்கினேன். மின்னஞ்சல் கேட்டது, கொடுத்தேன். செல்போன் எண் கேட்டது, கொடுத்தேன். ஓடிபி வந்தது, அடித்தேன். பிறகு பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இருப்பிடம், மைக், தொடர்பு எண்கள். 'வேண்டாம்' என்று எதை அழுத்தினாலும் முதல் திரைக்கே கொண்டுபோய் விட்டது. பாசி பிடித்த குறுக்குத்துறைப் படியில் ஏற ஏற வழுக்கி, அடிப்படிக்கே வந்து சேர்வது போல.

தமிழில் கேட்பது என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது இப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று தெரியவில்லை. நான் பாட்டுக் கேட்க உட்கார்ந்தேன். பதினொன்றேகால் மணி வரை அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. என் காதில் ஒரு சுரம் விழவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் நல்ல பையன். "எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றான்.

"தம்பி, ஹெட்போனுக்கு என் மாமனார் நம்பர் எதற்கு?"

"அது அப்படித்தான் அண்ணாச்சி கேட்கும்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இருப்பிடம் கேட்கிற விஷயத்தை நான் தோண்டிப் பார்த்தேன். ஆண்ட்ராய்டில் 6 முதல் 11 வரையிலான பதிப்புகளில், அருகில் இருக்கும் ப்ளூடூத் கருவியைச் செயலி தேட வேண்டுமானால் இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. அதில் ஒரு நியாயம் உண்டு. கடைகளில் ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் இருக்கிற ப்ளூடூத் கருவிகளை வைத்து நாம் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால், ப்ளூடூத்தைத் தேட விடுவதும் இருப்பிடத்தைச் சொல்வதும் ஒன்றுதான் என்று நம்மை எச்சரிக்கவே அந்த ஏற்பாடு. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 இதைப் பிரித்து, 'அருகிலுள்ள கருவிகள்' என்று தனி அனுமதி வைத்துவிட்டது. என் கைபேசி அதற்கும் பின்னால் வந்தது. அப்படியிருக்க, அதையும் கேட்டு இதையும் கேட்பது எதற்கு? பந்தியில் வடை வாங்கிக்கொண்டு, இலைக்கடியில் இன்னொரு வடையைச் செருகுகிற புத்தி இது.

எல்லாம் அந்தச் சின்ன ஓட்டையை அடைத்ததிலிருந்து வந்த வினை. 2016-இல் ஆப்பிள் தன் புதிய கைபேசியிலிருந்து இயர்போன் துளையை எடுத்தது. மற்றவர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டு ஒவ்வொருவராக அவர்களும் எடுத்தார்கள். வயர் போனதால் ப்ளூடூத் வந்தது, ப்ளூடூத் வந்ததால் செயலி வந்தது, செயலி வந்ததால் என் மாமனார் நம்பர் போகிறது. ஒரு செம்புக் கம்பி இத்தனை காலம் யாரிடமும் எதையும் கேட்காமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். பேஷாக இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் ஓர் எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறார்கள்: மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று ஒருவரின் தொடர்பு எண்களையும் கேட்கிறது, அவர் சம்மதித்தாலும், அந்தச் சேவைக்கு அவை தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் அதுவரைக்கும் செல்லாது. வைத்தியத்துக்கே தேவையில்லை என்றால் வாத்தியத்துக்கு எதற்கு? ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பிரிவுகளுக்கு அதிலிருந்து இன்னும் பதினெட்டு மாத அவகாசம். கல்யாணத்துக்கு ஓலை எழுதி, பிள்ளைக்குக் காது குத்துகிற வயதில் தாலி கட்டச் சொல்கிற வேகம்.

சரி, ஹெட்போன் கிடக்கட்டும். பாட்டு வருகிற செயலியின் கதை இதைவிட மோசம்.

முதலில் காசு கட்டாத கணக்குதான் வைத்திருந்தேன். 'எ லவ் சுப்ரீம்' நான்கு பகுதிகள் கொண்டது. 1964 டிசம்பர் 9 அன்று ஒரே அமர்வில் வாசித்தது. முதல் பகுதியில் பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் நான்கு சுரத்தில் ஒரு சொல்லைப் போல ஆரம்பிப்பார். கடைசிப் பகுதியில் கோல்ட்ரேன் தான் எழுதிய பிரார்த்தனையை வாய் திறக்காமல் சாக்சபோனிலேயே சொல்லி முடிப்பார். என் செயலி மூன்றாம் பகுதியை முதலில் போட்டது. பிறகு தங்க நகைக் கடன் விளம்பரம். பிறகு, இதைப் போன்றது என்று சொல்லி, யாரோ லிஃப்டுக்குள் வாசித்த மாதிரி ஒன்று. தனியாவர்த்தனத்தில் தொடங்கி, நடுவில் மங்களம் பாடி, வர்ணத்தோடு மேடையை விட்டு இறங்குகிற ஒரு பாடகரை நம் ஊர்ச் சபாக்களில் என்ன செய்வார்கள்?

அதனால் சென்னையில் இருக்கிற மச்சினன் எடுத்திருந்த குடும்பத் திட்டத்தில் ஒட்டிக்கொண்டேன். விளம்பரம் போயிற்று, வரிசையும் வந்தது. மானம் போயிற்று. நான் எந்த நேரத்தில் என்ன கேட்கிறேன் என்பது அவன் திரையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. அதை மறைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. நான்கு திரைக்கு உள்ளே, குடோனில் இருக்கிற மண்ணெண்ணெய் டின் மாதிரி.

ஒருநாள் காலையில் காபியை வைத்துவிட்டு மனைவி எதிரில் உட்கார்ந்தாள். முகமே சரியில்லை.

"தம்பி போன் செய்தான். அத்தானுக்கு ஏதாவது மனக்கஷ்டமா அக்கா, ஒரு வாரமாக ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே சோகப் பாட்டைக் கேட்கிறாரே என்கிறான். உங்களுக்கு இந்த வீட்டில் என்ன குறை?"

அது 'ப்ளூ இன் கிரீன்'. மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழு 1959-இல் வாசித்தது. ஐந்தரை நிமிடம். சோகமா என்றால், ஆற்றுக்கு அக்கரையில் யாரோ விளக்கை அணைக்கிற மாதிரி ஒரு அமைதி. இதைக் காலை ஏழு மணிக்கு, காபி ஆறிக்கொண்டிருக்கும்போது மனைவிக்கு விளக்க முடியுமா? ஐம்பத்தேழு வயதில் தூக்கம் குறைந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று மாலையே மாமியாருக்கும் செய்தி போய்விட்டது.

மனநிலை என்றதும் இன்னொன்று. 2021 ஜனவரியில் ஸ்பாடிஃபைக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. (என் கதையில் வருகிற செயலி அதுவல்ல.) ஒருவர் பேசுகிற ஒலியிலிருந்து அவருடைய மனநிலை, வயது, ஆணா பெண்ணா, பேச்சு வழக்கு எல்லாவற்றையும் ஊகித்து அதற்கேற்பப் பாட்டைப் பரிந்துரைக்கிற முறை. எதிர்ப்பு கிளம்பியதும், அதை நாங்கள் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தும் திட்டமும் இல்லை என்றார்கள். நல்லது. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். அன்பாகப் பேசினாலே வெளியூர்க்காரர்கள் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வருகிறார்கள். அந்த இயந்திரம் எங்களுக்கு நாள் முழுக்க ரத்தக்கொதிப்புக்கான பாட்டாகத்தான் போட்டுக்கொண்டிருக்கும்.

எனக்கு ஜாஸைக் காட்டிக்கொடுத்தது சிற்றலை வானொலி. எண்பதுகளில், கல்லிடைக்குறிச்சி வீட்டில், அப்பாவின் பெட்டி. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்றொருவர், 1955-இல் தொடங்கி 1996-இல் சாகும் வரை ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அலை விலகும், கரகரக்கும், நடுவில் இலங்கை வானொலி வந்து சொந்தம் கொண்டாடும். ஆனாலும் அந்த மனிதருக்குக் கல்லிடைக்குறிச்சியில் ஒருவன் கேட்கிறான் என்பது தெரியாது. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். அரசாங்கத்துக்குத் தெரிந்தது இந்த வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது என்பது மட்டும்தான். அது பாடுகிறதா, அதன் மேல் பூனை படுத்திருக்கிறதா என்று யாரும் விசாரித்ததில்லை.

அதற்காக அந்தக் காலம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்காரர் ஒருவர் ஜங்ஷன் பக்கம் இருந்தார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஏற்றித் தருவார். கல்லூரியில் படிக்கும்போது நான் எழுதிக் கொடுத்த காதல் பாட்டுப் பட்டியலை, தற்செயலாகக் கடைக்கு வந்த என் அப்பாவிடம் அவரே காட்டிவிட்டார். முதுகு வீங்கியது. ஆனால் அவர் அடுத்த தீபாவளிக்குள் அதை மறந்துவிட்டார். பட்டியலைக் கடன் கம்பெனிக்கு விற்கவில்லை. மறப்பதற்கு அவரிடம் ஒரு மண்டை இருந்தது.

ஒரு பதிவைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறை அரங்கம். பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷன் டிரம்ஸ். அன்று வாசித்த ஐந்து சுற்றுகளையும் ஒலிநாடாவில் எடுத்தார்கள். உற்றுக் கேட்டால் கண்ணாடிக் கோப்பைகள் உரசுகின்றன. யாரோ இருமுகிறார்கள். லஃபாரோ விரல் உருக வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் சிரிக்கிறாள். பதினொரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்தார், வயது 25. அது தெரியாமல் அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இப்போது பொறாமையாக இருக்கிறது. அறுபது ஆண்டுக்கும் மேலாக உலகமே அந்தச் சிரிப்பைக் கேட்கிறது. ஆனால் அவள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, அன்று எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. எங்கள் அப்பாவும் காருகுறிச்சி அருணாசலம் நாகசுரம் வாசித்தால் விடிய விடியத் தெருவில் நிற்பாராம். எத்தனை ராத்திரி என்று அவருக்கே கணக்கில்லை. எனக்கு மட்டும் ஆண்டு முடிவில் வண்ணப் படம் போட்டு அனுப்புகிறார்கள்: நீங்கள் இந்த ஆண்டு 11,406 நிமிடம் கேட்டீர்கள், நண்பர்களோடு பகிருங்கள்! நான் கேட்டேனா உன்னிடம்?

சிடி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். என்னிடம் நூற்றுப் பத்து இருக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் சிந்துபூந்துறைத் தெருவுக்குள் வந்தபோது அவ்வளவும் சேற்றில் கிடந்தன. அட்டைகள் கூழாகிவிட்டன. தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துண்டில் ஒற்றி எடுத்து வைத்தேன். ஏழெட்டைத் தவிர எல்லாம் பாடுகின்றன. என்னை யாரென்றே கேட்காமல் பாடுகின்றன.

ஆனால் அந்தக் குலத்திலும் கோடரிக்காம்பு உண்டு. 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம், நகல் எடுப்பதைத் தடுக்கிறேன் என்று சொல்லி, கணினியில் போட்டதும் தன்னை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் மென்பொருளைச் சிடிக்குள் வைத்து விற்றது. வெளியே தெரிந்ததும் வழக்குகள், திரும்பப் பெறுதல், எல்லாம் நடந்தன. அந்தப் பட்டியலில் ஜெர்ரி மல்லிகன், டெக்ஸ்டர் கார்டன் ஆகியோரின் தட்டுகளும் இருந்தன. செத்துப்போன சாக்சபோன்காரர்களை ஒற்று வேலைக்கு அனுப்பினார்கள்! 'தி பேட் பிளஸ்' என்ற மூவர் குழுவின் ஆல்பமும் அதில் மாட்டியது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'சந்தேகத்துக்குரிய நடவடிக்கை?'

இப்போது அந்த ஹெட்போன் பக்கத்தில் ஒரு துளை இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறேன். பழைய எம்பி3 பிளேயர் ஒன்று அலமாரியில் கிடந்தது. இரண்டையும் சேர்க்க ஒரு வயர் போதும், செயலி வேண்டாம். அதே பெரிய கடைக்குப் போனேன். வயர் அறுபது ரூபாய். பில் போடும் பெண், "நம்பர் சொல்லுங்கள் சார்" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். நம்பர் அடிக்காமல் பில் வராது என்றாள். 2023 மே மாதமே, பில்லுக்குச் செல்போன் எண் கேட்டு வற்புறுத்தாதீர்கள் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியதைச் சொன்னேன். பின்னால் நின்றவர், "நேரமாகிறது அண்ணாச்சி, ஏதாவது பத்து நம்பரைச் சொல்லுங்களேன்" என்றார். வயரை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஜங்ஷனில் தள்ளுவண்டி போட்டிருப்பவரிடம் அதே வயர் ஐம்பது ரூபாய். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். சில்லறை இல்லை என்று சொல்லி, ஸ்கேன் செய்கிற அட்டையைத் திருப்பிக் காட்டினார். நான் மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் கால் கிலோ அல்வா வாங்கித் தாளை மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். வயர் நன்றாகத்தான் இருக்கிறது. இடது காதில் மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டுக் கேட்கிறது.